விழுறதுல முட்டி போறதில்ல, விழாம சமாளிக்கறதுலதான் போகுது: வாசகர் கேள்வி-பதில்

பனிச்சரிவுல ஸ்கீயிங் (காலுக்கு ஒண்ணா ரெண்டு நீளப் பலகை மாட்டி சறுக்கறது), ஸ்னோபோர்டு (ரெண்டு காலும் ஒரே பலகையில) பண்ற நாற்பது, ஐம்பது வயசுக்காரங்ககிட்ட இருந்து முட்டி பத்தி நிறைய கேள்வி வந்திருக்கு. கேள்வி வேற வேறயா இருந்தாலும் உள்ளுக்குள்ள ஓடுற பயம் ஒண்ணுதான், "வயசாயிடுச்சே, இனிமே விட்டுடணுமா டாக்டர்?" என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வயசுக்காக விடவேணாம், ஆனா இருபது வயசுல பண்ண மாதிரியே பண்ணவும் கூடாது.

கேள்வி: வயசு 47, இருபது வருஷத்துக்கு மேல ஸ்கீ பண்றேன். அன்னைக்கு ஈசியான சரிவுதான், மெதுவாத்தான் போயிட்டிருந்தேன். பேலன்ஸ் போய் பின்னாடி உக்கார்ற மாதிரி சாஞ்சேன், எப்படியாவது எழுந்துடலாம்னு பாத்தேன், முட்டிக்குள்ள "டப்"புனு ஒரு சத்தம். பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வெக்கற பூட்டு) கழலவே இல்ல. ரெண்டு மணி நேரத்துல முட்டி பந்து மாதிரி வீங்கிடுச்சு. எம்ஆர்ஐல ஏசிஎல் (முட்டிக்குள்ள எலும்புகளை பிணைக்கற லிகமென்ட், அதாவது நார்) கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கு. வேகமாவே போகாத எனக்கு ஏன் இப்படி?

உங்க கடிதத்துலயே பதில் இருக்கு சார். "எப்படியாவது எழுந்துடலாம்னு பாத்தேன்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, ஏசிஎல் போனது அந்த ஒரு நொடியிலதான். ஸ்கீயிங்ல இந்த லிகமென்ட் போறதுக்கு பெரிய வேகமோ பெரிய குதியோ தேவையே இல்ல, மெதுவா போறப்போ, ஏன், கிட்டத்தட்ட நின்னுட்டு இருக்கறப்போ கூட போகும்.

நடக்கறது என்னன்னா, உடம்பு பின்னாடி சாயுது, இடுப்பு முட்டிக்கும் கீழ இறங்கிடுது, சரிவோட மேல் பக்கம் இருக்கற கை பின்னாடி போயிடுது, மேல் பக்கத்து ஸ்கீல எடையே இல்ல, மொத்த எடையும் கீழ் பக்கத்து ஸ்கீயோட வால் பகுதியில, அதுவும் உள்விளிம்புல ஏறிடுது. மனுஷக் கால்ல பாதம் முன்னாடி மட்டும்தான் நீண்டிருக்கு, ஸ்கீ போட்டா பின்னாடியும் ஒரு பாதம் முளைச்ச மாதிரி ஆயிடுது, அந்த வால் பனியில மாட்டினதும் நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு மடங்கின முட்டியை உள்பக்கமா திருகிடும். இதுக்கு ஃபேன்டம் ஃபுட், அதாவது மாயப் பாதம்னு பேரு. பைண்டிங் ஏன் கழலலன்னா, சாதாரண பைண்டிங்ல முன்பக்கம் திருகலுக்கு கழலும், குதிகால் பக்கம் முன்னாடி கவிழ்ந்தா கழலும், அவ்வளவுதான். வால் பக்கத்துல இருந்து வர்ற இந்த திருகல் ரெண்டுத்துக்கும் போதுமான அளவு படறதில்ல. பைண்டிங்க உருவாக்கினதே கீழ்க்கால் எலும்பை காப்பாத்தத்தான், அந்த வேலையை அது நல்லாவே செஞ்சுது, 1970கள்ல இருந்து எலும்பு முறிவு ரொம்பவே குறைஞ்சுடுச்சு. முட்டி லிகமென்ட் காயம் மட்டும் கூடவே குறையல, 80கள்ல ஏறவே செஞ்சுது. ஏசிஎல் போனவங்கள கேட்டா பெரும்பாலானவங்க உங்கள மாதிரியே "கழலவே இல்ல டாக்டர்"னுதான் சொல்வாங்க.

இத ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, இத தடுக்க கத்துக்க முடியும். அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல 1972ல இருந்து ஸ்கீ காயங்களை தொடர்ந்து கவனிச்சுட்டு வந்த எட்லிங்கர், ஜான்சன், ஷீலினு மூணு ஆராய்ச்சியாளர்கள், விழுற வீடியோக்களை திரும்பத் திரும்ப பாத்து இந்த அசைவை பிரிச்செடுத்தாங்க. அப்புறம் 20 ஸ்கீ மையங்கள்ல வேலை பாக்கற பேட்ரோல் (சரிவுல அடிபட்டவங்களுக்கு உதவற காவல் குழு), பயிற்சியாளர் ஆளுங்களுக்கு இத வீடியோ காட்டி பயிற்சி குடுத்தாங்க. 1993-94 சீசன்ல அவங்க மத்தியில மோசமான முட்டி காயம் 62 சதவீதம் குறைஞ்சுது, பயிற்சி இல்லாத மையங்கள்ல குறையல. புதுசா எந்த கருவியும் மாட்டல, ஆபரேஷன் பண்ணல, எப்படி விழணும்னு மட்டும்தான் கத்துக்குடுத்தாங்க. ஸ்கீ பண்ற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாளே இத சொல்லிக்குடுக்கணும்ங்கறது என்னோட ரொம்ப நாள் ஆதங்கம்.

அவங்க சொன்னது இதுதான். பின்னாடி சாயறப்போவே ரெண்டு கையையும் முன்னாடி கொண்டுவாங்க, பாதங்களை ஒண்ணா சேருங்க, கை ஸ்கீக்கு மேல இருக்கட்டும். அப்பவும் விழப்போறோம்னு தெரிஞ்சா விழுந்துடுங்க, தப்பிக்கப் போராடாதீங்க, காலை நீட்டி விறைக்காம முட்டிய மடக்கியே வெச்சுக்கோங்க, சறுக்கிட்டு இருக்கறப்போ எழுந்திருக்க முயற்சி பண்ணாதீங்க, முழுசா நின்னப்புறம் எழுந்திருங்க. நடுவயசுல இது இன்னும் முக்கியம், ஏன்னா "இத்தனை வருஷ அனுபவம் இருக்கு, நான் ஏன் விழணும்"ங்கற எண்ணம் நமக்குத்தான் ஜாஸ்தி, அந்த எண்ணத்துக்கு ஈடு கொடுக்கற தொடை பலம் முன்ன மாதிரி இருக்கறதில்ல.

கேள்வி: எனக்கு 52. ஏசிஎல் முழுசா கிழிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன்ங்கறார், இன்னொருத்தர் இந்த வயசுல வேணாம்ங்கறார். யார் சொல்றத கேக்கறது?

மேடம், ரெண்டு பேருமே உங்க வயசையும் ஸ்கேனையும் மட்டும் வெச்சு பேசற மாதிரி தெரியுது. எனக்கு தெரியவேண்டியது வேற, நடக்கறப்போ, படி இறங்கறப்போ, சட்டுனு திரும்பறப்போ முட்டி விட்டுக்கொடுத்து மடங்குதா? அது ஒண்ணுதான் பெரும்பாலும் முடிவு பண்ணும்.

ஸ்வீடன்ல ஏசிஎல் கிழிஞ்ச 121 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2010ல வெளியாச்சு. ஒரு குழுவுக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு குழுவுக்கு முறையான பிசியோ, தேவைப்பட்டா மட்டும் பின்னாடி ஆபரேஷன். அஞ்சு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டாவது குழுவுல கிட்டத்தட்ட பாதிப்பேர் ஆபரேஷனே பண்ணிக்கல, முட்டியோட நிலைமையிலயும் ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அவங்க எல்லாரும் 35 வயசுக்கு உட்பட்டவங்க, அதனால அப்படியே உங்களுக்கு பொருத்த முடியாது, ஆனாலும் "உடனே பண்ணலன்னா அவ்வளவுதான்"னு யாராவது பயமுறுத்தினா நிதானமா யோசிக்க அது போதும்.

கூடவே மெனிஸ்கஸ் (முட்டி எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு) தைக்கற மாதிரி கிழிஞ்சிருந்தா, இல்ல முட்டி பூட்டினா மாதிரி நீட்ட முடியாம நின்னா, கதை வேற, அப்போ தள்ளிப்போடாதீங்க. அப்படி எதுவும் இல்லன்னா மூணு மாசம் ஒழுங்கா பிசியோ பண்ணுங்க, வீக்கம் வத்தட்டும், முட்டி முழுசா நீளட்டும், தொடை பலம் வரட்டும். அதுக்கப்புறமும் முட்டி விட்டுக்கொடுத்தா, இல்ல மறுபடி ஸ்கீ பண்ணியே ஆகணும்னு மனசு இருந்து முட்டி மேல நம்பிக்கை வரலன்னா, ஆபரேஷன் பண்ணிக்கோங்க. 52 வயசுங்கறது அதுக்கு தடை கிடையாது, மூட்டுல தேய்மானம் அதிகமில்லாதவங்களுக்கு அம்பதுக்கு மேலயும் நல்லா வருது. இந்த மூணு மாச பயிற்சியும் வீண் போகாது, நீட்ட மடக்க நல்லா வர்ற, வீக்கம் இல்லாத முட்டியில பண்ற ஆபரேஷன் சீக்கிரம் தேறும்.

கேள்வி: விழவே இல்ல டாக்டர். சீசன் முடிஞ்சு முட்டி உள்பக்கம் வலி, ஸ்கேன் எடுத்தா மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்குன்னு வந்துச்சு. துளை போட்டு சுத்தம் பண்ணிடலாம்ங்கறாங்க. வயசு 55.

அவசரப்படாதீங்க. இந்த வயசுல மெனிஸ்கஸ்ல கிழிசல் தெரியறது தலைமுடி நரைக்கிற மாதிரி சகஜம். அமெரிக்காவுல ஃப்ராமிங்ஹாம்ங்கற ஊர்ல 50 வயசு தாண்டினவங்களுக்கு எம்ஆர்ஐ எடுத்து 2008ல வெளியிட்டாங்க, கிழிசல் இருந்தவங்கள்ல 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாசத்துல முட்டி வலியே இல்ல. அதனால ஸ்கேன்ல தெரியற கிழிசலும் உங்க வலியும் ஒண்ணுன்னு எடுத்துக்க முடியாது.

ஃபின்லாந்துல இன்னும் ஒரு படி மேல போனாங்க. தேய்மானத்தால கிழிஞ்ச மெனிஸ்கஸ் இருந்த 35லிருந்து 65 வயசு வரைக்குமான 146 பேர்ல பாதிப்பேருக்கு உண்மையாவே கிழிஞ்ச பகுதிய வெட்டினாங்க, மீதிப்பேருக்கு துளை மட்டும் போட்டுட்டு வெட்டாம விட்டுட்டாங்க, யாருக்கு எதுன்னு நோயாளிக்கு தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு வலியில ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல. 2013ல வெளியான ஆய்வு இது, இன்னமும் நிறைய பேருக்கு இந்த விஷயம் போய்ச்சேரல, அது எனக்கு ரொம்ப வருத்தம். முட்டி பூட்டிக்காம மடக்கி நீட்ட முடியுதுன்னா முதல்ல மூணு மாசம் தொடைக்கும் பின்தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. எடை கொஞ்சம் குறைக்க முடிஞ்சா இன்னும் நல்லது.

கேள்வி: என் கணவருக்கு 54. பைண்டிங் அடிக்கடி கழலுதுன்னு அவரே ஸ்க்ரூடிரைவர் வெச்சு டின் நம்பரை (எவ்வளவு விசையில பைண்டிங் கழலணும்னு வெக்கற எண்) ஏத்திக்கறார். பரவாயில்லையா?

பரவாயில்லன்னு சொல்ல முடியாது மேடம், தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க. அந்த நம்பர் எடை, உயரம், பூட்ஸ் சோல் நீளம், ஸ்கீ பண்ற விதம், வயசு எல்லாம் பாத்து போடறது. வழக்கமான அட்டவணையில 50 தாண்டினவங்களுக்கு ஒரு படி குறைச்சுத்தான் வைப்பாங்க, அவர் நேர் எதிரா ஏத்தறார். தேவையில்லாம கழலுதுன்னா முதல்ல பூட்ஸ் சோல் தேஞ்சிருக்கா, அடியில பனி ஒட்டியிருக்கா, முன்னழுத்தம் (பைண்டிங் பூட்ஸை முன்பக்கமா தள்ளிப் பிடிக்கற அழுத்தம்) சரியா இருக்கான்னு கடையில மெஷின்ல போட்டு பாக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் பாக்கணும், எடை மாறியிருந்தா அதையும் மறைக்காம சொல்லணும். அதே சமயம் நம்பரை குறைச்சா ஏசிஎல் தப்பிச்சுடும்னும் நினைக்காதீங்க, ஏன்னு முதல் பதில்ல சொல்லியிருக்கேன்.

கேள்வி: நான் ஸ்னோபோர்டு, வயசு 44. போர்டுல முட்டி சேஃப்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, உண்மையா?

ஓரளவுக்கு உண்மை. ரெண்டு காலும் ஒரே பலகையில இறுக்கி இருக்கறதால ஒரு காலு ஒரு பக்கம் இன்னொரு காலு இன்னொரு பக்கம்னு திருகிக்காது, ஸ்னோபோர்டுல அதிகமா அடிபடறது மணிக்கட்டும் தோளும்தான். ஆனா முட்டி போற இடம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, லிஃப்ட்ல ஏறி இறங்கறப்போ பின்கால் வெளிய இருக்கும், முன்கால் மட்டும் போர்டுல இருக்கும், அப்போ போர்டு எங்கயாவது மாட்டினா அந்த நீளப் பலகை மொத்தமும் ஒத்தை முட்டியத்தான் திருகும். வேகம் இல்லாத இடம்ங்கறதால எல்லாரும் அசால்ட்டா இருக்கறது அங்கதான். ரெண்டாவது, குதிச்சு சரிவுல இறங்காம தட்டையான இடத்துல வந்து விழறது, ஸ்னோபோர்டர்களுக்கு ஏசிஎல் போறது பெரும்பாலும் இப்படித்தான். நாற்பதுக்கு மேல குதிக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, இறங்கற இடத்தை முதல்லயே போய் பாத்துட்டு குதிங்க.

இன்னொண்ணு, கேள்விக்கு வெளிய இருந்தாலும் சொல்லிடறேன், விழுந்தப்புறம் கணுக்கால் வெளிப்பக்கம் வலிச்சு "சாதாரண சுளுக்கு"னு சொல்லி அனுப்பிட்டாங்க, வலி போகவே இல்லன்னா சிடி ஸ்கேன் கேளுங்க. டேலஸ்ங்கற கணுக்கால் எலும்போட ஓரத்துல ஒரு முறிவு ஸ்னோபோர்டர்களுக்குன்னே வரும், எக்ஸ்ரேல சுலபமா தப்பிடும்.

கேள்வி: சீசனுக்கு முன்னாடி என்ன உடற்பயிற்சி பண்ணணும்? தினமும் நடக்கறேன், போதாதா?

நடக்கறது நல்லது, ஆனா ஸ்கீக்கு அது போதாது. ஸ்கீயிங்ல தொடை பண்ற வேலை பாரத்தை தாங்கிக்கிட்டே மெதுவா இறங்கற வேலை, ஒவ்வொரு திருப்பத்துலயும் முன்தொடை நீண்டுக்கிட்டே உங்களை பிடிச்சு நிறுத்துது. நடையில அந்த பழக்கம் வரவே வராது. முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லிருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை குறையும்னு பொதுவா சொல்வாங்க, பயிற்சி பண்ணா இந்த இழப்பை பெருமளவு தடுக்கலாம், போனதையும் நிறைய மீட்கலாம், அறுபதுலயும் முடியும்.

குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிங்க, வாரத்துக்கு மூணு நாள் போதும். ஸ்குவாட் பண்றப்போ இறங்கறதுக்கு நாலு நொடி எடுத்துக்கோங்க, எழறது சாதாரணமா எழலாம். படியில ஏறறத விட ஒத்தைக்கால்ல மெதுவா இறங்கறது முக்கியம், அப்போ கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, முட்டி உள்பக்கமா சரியுதுன்னா இடுப்புப் பக்கத்து தசை பலவீனம்னு அர்த்தம், முதல்ல அத சரிபண்ணுங்க, பாரம் தூக்கறத அப்புறம் பாத்துக்கலாம். பின்தொடைய மறக்கவே கூடாது, கீழ்க்கால் எலும்பு முன்னாடி நழுவாம பிடிச்சு இழுத்து ஏசிஎல்லுக்கு தோள் கொடுக்கறது அந்த தசைதான், ஆனா ஜிம்முக்கு போற பாதிப்பேர் முன்தொடைய மட்டும் பண்ணிட்டு வந்துடறாங்க. சாதாரணமா ஸ்கீ பண்றவங்கள்ல பெண்களுக்கு ஏசிஎல் கிழியறது ஆண்களை விட ரெண்டு மூணு மடங்கு ஜாஸ்தி, அதனால பெண்கள் இந்த பின்தொடை, இடுப்புப் பயிற்சிய விடவே விடாதீங்க. பேலன்ஸ்க்கு ஒத்தைக்கால்ல கண்ண மூடி நிக்கறதுல ஆரம்பிச்சா போதும்.

பனிக்கு போனப்புறம் முதல் நாள் பாதி நாளோட நிறுத்துங்க. தொடை எரிய ஆரம்பிச்சா அது சும்மா எரிச்சல் இல்ல, அப்போவே உடம்பு பின்னாடி சாய ஆரம்பிச்சிருக்கும், பின்னாடி சாஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு இப்போ தெரியும். "கடைசியா ஒரே ஒரு ரவுண்டு"னு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா லிஃப்ட்லயே கீழ இறங்கிடுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

கேள்வி: அடிபடாம இருக்க முன்னாடியே முட்டிக்கு பிரேஸ் (முட்டிய தாங்கிப் பிடிக்கற கவசம்) போட்டுக்கலாமா?

அடிபடாத முட்டிக்கு அது காப்புன்னு நம்பிக்கையா சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. ஏசிஎல் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க விஷயம் வேற, அமெரிக்காவுல ஸ்கீ மையத்துல வேலை பாக்கற, ஏற்கனவே ஏசிஎல் ஆபரேஷன் ஆனவங்கள வெச்சு பண்ண ஒரு ஆய்வுல பிரேஸ் போடாதவங்களுக்கு மறுபடி முட்டியில அடிபடறது ரெண்டரை மடங்குக்கு மேல இருந்துச்சு. கடையில கிடைக்கற துணி உறை அது கிடையாது, அளவெடுத்து மாட்டற கம்பி வெச்ச பிரேஸ்.

கேள்வி: ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சு ஏழு மாசம். நல்லா ஓடறேன், வலியே இல்ல. அடுத்த வாரம் ஸ்கீ ட்ரிப் இருக்கு, போகலாமா?

வேணாம் தம்பி. வலி இல்லங்கறத வெச்சு புது லிகமென்ட் தயார்னு சொல்ல முடியாது, உள்ள வெச்ச ஒட்டு முழுசா பலப்பட ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும். 2016ல வெளியான ஒரு ஆய்வுல ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட்டதுக்கும் மறுபடி அடிபடற வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி பாதியா குறைஞ்சுது. ஒன்பது மாசம் ஆகணும், அதோட அடிபட்ட காலோட தொடை பலம் நல்ல காலோட பலத்துல 90 சதவீதமாவது இருக்கான்னு பிசியோகிட்ட கருவி வெச்சு அளந்து பாக்கணும், ரெண்டுமே வேணும். ட்ரிப்புக்கு போங்க, பனியில நடங்க, ஸ்கீ மட்டும் அடுத்த சீசன்.

கேள்வி: ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, வயசு 59. செயற்கை மூட்டு வெச்சா ஸ்கீ முடிஞ்சதுன்னு அர்த்தமா?

முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல சார். ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் செயற்கை முட்டி வெச்சவங்களை கூட்டிட்டுப் போய் 12 வாரம் வழிகாட்டியோட ஸ்கீ பண்ண வெச்சு ஆராய்ஞ்சாங்க, தொடை பலம் கூடிச்சு, முட்டிக்கு கெடுதல் தெரியல. ஆனா அவங்க எல்லாரும் முன்னாடியே ஸ்கீ தெரிஞ்சவங்க, நல்லா சீர்படுத்தின சரிவுல போனவங்க. ஏற்கனவே தெரிஞ்சவங்க மெதுவா, மேடு பள்ளம் இல்லாத இடத்துல, கூட்டம் இல்லாத நேரத்துல பண்ணலாம், புதுசா கத்துக்க இது நேரம் இல்ல. செயற்கை மூட்டை சுத்தி எலும்பு முறிஞ்சா சரிபண்றது ரொம்ப கஷ்டம்ங்கற ஒரே காரணத்துக்காகத்தான் இவ்வளவு கட்டுப்பாடு.

அமெரிக்க ஸ்கீ வீராங்கனை லிண்ட்சி வான் பத்தி நிறைய பேர் கேக்கறீங்க. 2013ல ஷ்லாட்மிங் போட்டியில விழுந்து ஏசிஎல், எம்சிஎல் (முட்டி உள்பக்கத்து லிகமென்ட்) ரெண்டும் கிழிஞ்சு கீழ்க்கால் எலும்போட தலைப்பகுதியும் முறிஞ்சவங்க, 2024ல வலது முட்டியில பாதி செயற்கை மூட்டு வெச்சுக்கிட்டு, 2025 மார்ச்ல சன் வேலியில நடந்த உலகக்கோப்பை சூப்பர்-ஜிங்கற வேகப் போட்டியில 40 வயசுல ரெண்டாவதா வந்தாங்க. அத பாத்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அவங்களுக்கு இருக்கற தொடையும், நாள் பூரா கூடவே இருக்கற பயிற்சிக் குழுவும் நமக்கு இல்ல, மனசுல தெம்புக்கு வெச்சுக்கோங்க, அளவுகோலா வெச்சுக்காதீங்க.

கேள்வி: மலையில அடிபட்டா உடனே என்ன பண்ணணும்? ஊருக்கு திரும்ப விமானம் வேற ஏறணும்.

"டப்"னு சத்தம் கேட்டாலோ, முட்டி உறுதியா நிக்கலன்னாலோ, மெதுவா ஓட்டிட்டே கீழ போயிடலாம்னு நினைக்காதீங்க, பேட்ரோல கூப்பிட்டு ஸ்லெட்ஜ்ல இறங்குங்க. கிழிஞ்ச ஏசிஎல்லோட கீழ வரைக்கும் போனவங்க நல்லா இருந்த மெனிஸ்கஸையும் கிழிச்சுக்கிட்டு வர்றத பாக்கறோம். சில மணி நேரத்துக்குள்ள பெருசா வீங்கினா உள்ள ரத்தம் கட்டியிருக்குன்னு அர்த்தம், அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க, நடுவயசுல லிகமென்ட்டுக்கு பதிலா கீழ்க்கால் எலும்போட மேல்தட்டு நொறுங்கியிருக்கறதும் உண்டு. உள்பக்கம் மட்டும் வலிச்சு எம்சிஎல்னு சொன்னாங்கன்னா கவலைப்படாதீங்க, பெரும்பாலும் பிரேஸ் போட்டு சில வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே ஆறிடும். பாதம் சில்லுனு ஆகி மரத்துப்போனா, வெளிறிப்போனா, கெண்டைக்கால் தாங்க முடியாத அளவுக்கு இறுகி வலிச்சா அது ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட அவசரம், ஒரு மணி நேரம் கூட காத்திருக்கக் கூடாது.

விமானத்துக்கு, காலை அசைக்காம கட்டிப்போட்டுட்டு பல மணி நேரம் உக்காந்தா கெண்டைக்கால்ல ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். ஏறறதுக்கு முன்னாடி அங்க இருக்கற டாக்டர்கிட்ட ரத்தம் உறையாம இருக்க ஊசி தேவையான்னு கேளுங்க, முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்க, ஹார்மோன் மாத்திரை எடுக்கறவங்க கட்டாயம் அத சொல்லுங்க. காலை நீட்ட இடம் இருக்கற சீட் கேட்டு வாங்குங்க, கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருங்க. வீட்டுக்கு வந்தப்புறம் கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ முட்டி டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.